கூரை நிற்கிறது, களஞ்சியம் எங்கே?

காவியத்தையும் நாடகத்தையும் விமர்சிப்பதுபோல ஒரு வீட்டையும் விமர்சிக்கலாமோ என்று அன்பர்களில் சிலர் ஐயுறக்கூடும். தாராளமாக விமர்சிக்கலாம் என்பதே நமது விடை. நூலை ஆக்கியவன் ஒருவன். வீட்டை ஆக்கியவர் பலர். வேற்றுமை அவ்வளவே. எதைச் சொல்ல எடுத்துக்கொண்டது, எதைச் சொல்லாது விட்டது, பின்வந்தோர் எதை இடைச்செருகலாகச் சேர்த்தனர், எதைக் கிழித்தெறிந்தனர் என்று நூலை நோக்கிக் கேட்கும் கேள்விகள் யாவும் வீட்டை நோக்கியும் கேட்கத்தக்கவையே. அம்முறையில், உலகப் புகழ்பெற்ற ஒரு வைக்கோற் கூரை வீட்டை இவ்வாரம் ஆராயப் புகுகிறோம்.

அவ்வீடு இங்கிலாந்தில், வார்விக் மாவட்டத்து ஸ்ட்ராட்போர்டு நகருக்கு ஏறக்குறைய ஒரு மைல் தொலைவில், ஷாட்டரி என்னும் சிற்றூரில் இருப்பது. நாடகப் பேராசான் ஷேக்ஸ்பியரின் மனைவியாகிய ஆன் ஹாத்வே அம்மையார் மணமாகுமுன் வாழ்ந்த வீடு என்பது அதன் புகழுக்குக் காரணம். நம்மைப்போல் ஆங்கிலப் பள்ளியிற் பயின்றோர் அதன் படத்தைப் பாடப்புத்தகத்திற் கண்டிருப்பர். பயிலாதோரும் பிஸ்கோத்துத் தகரப் பெட்டியின் மூடியிலோ, சுவரில் தொங்கும் நாட்காட்டியிலோ கண்டிருத்தல் கூடும். வெள்ளைச் சுவர், கறுத்த மரச்சட்டம், தாழ்ந்து கவிந்த கூரை, முன்புறம் நிறையப் பூக்கள். இதுவே படம். படம் அழகானது என்பதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் அப்படத்தில் இல்லாத ஒன்றைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம்.

பெயரிலே தொடங்கும் பிழை

இவ்வீட்டை உலகம் 'ஆன் ஹாத்வேயின் காட்டேஜ்' என்று அழைக்கிறது. காட்டேஜ் என்றால் எளியோர் வாழும் சிறுவீடு, குடிசை. ஆனால் இவ்வீட்டிலோ பன்னிரண்டு அறைகள் உள. இதனைச் சேர்ந்திருந்த நிலம் 90 ஏக்கருக்கு மேற்பட்டது. இதன் பழைய பெயர் ஹியூலண்ட்ஸ் பண்ணை. 1543-இல் ஜான் ஹாத்வே என்பவர் இந்நிலத்தைக் குத்தகையாக அனுபவித்து வந்தார். அவருக்குப்பின் ஆன் அம்மையாரின் தந்தையாகிய ரிச்சர்டும், ரிச்சர்டுக்குப்பின் மகன் பார்த்தலோமியுவும் உழுதனர். 1610-இல் பார்த்தலோமியு அதனை விலைகொடுத்தே வாங்கிச் சொந்தமாக்கிக்கொண்டார். ஆடு மேய்த்து, தானியம் விளைத்து, கூலியாள் வைத்து நடத்திய ஒரு பண்ணைக் குடும்பத்தின் வீடு இது.

பண்ணை எப்படிக் குடிசையாயிற்று? 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷேக்ஸ்பியரின் பெயரால் ஸ்ட்ராட்போர்டுக்குப் பிரயாணிகள் வரத் தொடங்கினர். சாமுவேல் அயர்லாந்து என்பவர் ஏவன் ஆற்றங்கரைக் காட்சிகளைப் பற்றி 1795-இல் வெளியிட்ட நூலில் இவ்வீட்டின் படத்தைச் சேர்த்தார். அச்சில் வந்த முதற் படம் அதுவே. இதே அயர்லாந்தின் மகன் ஷேக்ஸ்பியர் கைப்பட எழுதியவை என்று பொய்ப் பத்திரங்களைப் புனைந்து, 1796-இல் அகப்பட்டுக்கொண்டான் என்பது தனிக்கதை. தந்தையார் வரைந்தது பொய்ப்படம் அன்று, மெய்யான வீடுதான். ஆயினும் அழகுக் காட்சி தேடிப் புறப்பட்ட கண்ணுக்கு வீடு தெரிந்தது, பண்ணை தெரியவில்லை. கேட்போர் மனத்தில் ஏழைப் பெண்ணும் இளங்கவிஞனும் காதலித்த கதைக்குக் குடிசையே பொருத்தமாய் இருந்தது. எனவே பன்னிரண்டு அறை வீடு குடிசையாயிற்று. 90 ஏக்கர் நிலம் மறைந்தது.

கட்டடத்தின் சிறப்பு

குற்றம் கூறுமுன் குணத்தைக் கூறுதல் விமர்சகனின் கடமை. இவ்வீடு கட்டடக் கலையில் உண்மையாகவே உயர்ந்தது.

வீட்டில் இரு பகுதிகள் உள. தாழ்ந்த பகுதியே பழையது. 1460-களை ஒட்டிய மரவேலை அதிற் காணப்படுகிறது. அதன் எலும்புக்கூடு விசித்திரமானது. இயற்கையாகவே வளைந்த ஓக் மரத்தைத் தேர்ந்து, நெடுக்காகப் பிளந்து, இரு பாதிகளையும் எதிரெதிரே நிறுத்தி, உச்சியில் ஒன்றையொன்று தழுவுமாறு பிணைத்துள்ளனர். கூப்பிய இரு கைகளைப் போல நிற்கும் அவ்வளைமரங்கள் தரையில் தொடங்கி முகடுவரை செல்கின்றன. கூரையின் பாரம் முழுவதையும் அவையே தாங்குவதால் சுவருக்கு வேலை குறைவு. எனவே சுவர் மெல்லியதாய் இருக்கலாம். சட்டங்களுக்கு இடையே மிலாறுகளை வரிச்சாகப் பின்னி, களிமண்ணும் சாணமும் நறுக்கிய வைக்கோலும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினர். அடியில் ஈரம் ஏறாதிருக்கக் கல்லடுக்கு இட்டனர். வரிச்சுச் சுவரையும் சாணி மெழுக்கையும் அறிந்த நம்மவர்க்கு இதில் எதுவும் புதிதாய்த் தோன்றாது.

முதலில் நடுக்கூடம் முகடுவரை திறந்தே இருந்தது. தரையின் நடுவே அடுப்பு எரியும். புகை கூரையின் வழியே கசிந்து வெளியேறும். பின்னரே கூடத்தின் குறுக்கே மேல்தளம் இட்டு, புகைபோக்கியும் கட்டினர். இம்மாறுதல் அக்காலத்து இங்கிலாந்து முழுவதும் நிகழ்ந்தது. வில்லியம் ஹாரிசன் என்பார் 1577-இல் வெளியான தமது நாட்டு வருணனையில், ஊரெங்கும் புகைபோக்கிகள் பெருகிவிட்டமையை முதியோர் வியந்து பேசியதாகக் குறித்துள்ளார். ஷாட்டரி வீட்டின் ஒரு புகைபோக்கியில் 1697 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. ஹாத்வே குடும்பத்தார் அதனைச் செப்பனிட்டதன் அடையாளம் அது. உயரமான மற்றப் பகுதி 17-ஆம் நூற்றாண்டில், நிலம் சொந்தமான பிறகு சேர்ந்தது.

ஆகவே ஓர் உண்மை புலப்படும். தாழ்ந்த கூரையும் உயர்ந்த கூரையும் ஒட்டி நிற்கும் இடத்தில் ஒரு குடும்பத்தின் வரவுசெலவு எழுதப்பட்டிருக்கிறது. குத்தகைக்காரராய் இருந்தபோது ஒரு கூரை, உடையவரானபின் மற்றொன்று. எந்தச் சிற்பியும் திட்டமிட்டுக் கட்டாமல், தேவை வந்தபோதெல்லாம் வளர்ந்த வீடு இது. மேல்மாடிச் சாளரங்களுக்கு மேலே கூரை புருவம் போல் வளைந்து செல்வதும் அலங்காரத்திற்காக அன்று. பழைய கூரைக்குள்ளே பிறகு அறைகள் அமைத்தபோது, வெளிச்சத்திற்கு வழி தேவைப்பட்டது. வழி விட்டபோது வைக்கோல் வளைந்தது. தேவையே அழகாயிற்று. இக்கட்டடத்தின் மேன்மை அதுவே.

கூரை பிறந்த இடம்

இனிக் கூரைக்கு வருவோம். படத்தைப் பார்ப்போர் அனைவரும் முதலில் மெச்சுவது கூரையைத்தான். அக்கூரை எதனால் ஆனது என்று கேட்டால் வைக்கோல் என்பர். அவ்வைக்கோல் எங்கிருந்து வந்தது என்று மேலும் ஒரு கேள்வி கேட்டால், படம் பதில் சொல்லாது. நாம் சொல்கிறோம்.

வைக்கோற் கூரை நீரைத் தடுப்பதில்லை, வழிய விடுகிறது. சாய்வு செங்குத்தாக இருப்பதால் மழைத்துளி ஒரு தாளிலிருந்து மறு தாளுக்கு நழுவி இறவாரத்தில் சொட்டுகிறது. மேலே ஓரிரு அங்குலம் மட்டுமே நனையும். அடியில் உள்ள கனம் உலர்ந்தே இருக்கும். நம் அத்தாப்புக் கூரையின் சூத்திரமும் இதுவே. ஆனால் இம்முறைக்கு நீண்ட, முறியாத தாள் வேண்டும். நசுங்கிய தாள் நீரை உறிஞ்சும், விரைவில் அழுகும்.

முறியாத கோதுமைத் தாள் கிடைத்தது களஞ்சியத்தில். களஞ்சியம் என்றதும் நெற்குதிரை நினைத்தல் வேண்டா. தமிழ்நாட்டில் அறுவடைக்குப்பின் களத்தில், திறந்த வானத்தின் கீழ்க் கதிரடிக்கலாம். இங்கிலாந்தில் அறுவடை முடிந்தவுடன் மழையும் குளிரும் சூழ்ந்துவிடும். எனவே அந்நாட்டு உழவன் களத்தையே கூரைக்குள் கொண்டுவந்தான். களமும் களஞ்சியமும் ஒன்றாய் அமைந்த பெருங்கொட்டகை அது. நடுவில் அடிக்கும் தளம். அதன் இருபுறமும், ஒன்றுக்கொன்று நேரெதிராக, வைக்கோல் வண்டி நுழையத்தக்க பெரிய கதவுகள். இரு கதவுகளையும் திறந்துவிட்டால் குறுக்கே காற்று வீசும். அக்காற்றிலே தானியத்தைத் தூற்றிப் பதரைப் பிரிப்பர். தளத்தின் ஒரு பக்கத்தில் அடிக்காத கதிர்க்கட்டுகள்; மறு பக்கத்தில் அடித்த தாள். குளிர்காலம் முழுவதும், தோலால் பிணைத்த இரு கழிகளாலான அடிகோலைச் சுழற்றிச் சுழற்றி, கூலியாட்கள் நாள்தோறும் கதிரடித்தனர். கைவலிக்கும் வேலை, நுரையீரலிற் புழுதி அடையும் வேலை. ஆனால் அடிகோல் கதிரை மட்டுமே தாக்கும்; தாள் நீளமாகவே கிடைக்கும். அத்தாளே கூரைக்குச் சென்றது.

ஆகவே கூரை என்பது களஞ்சியத்தின் பிள்ளை. 90 ஏக்கர் விளைவைக் கொட்டி வைக்க இடமின்றி அப்பண்ணை ஒரு பருவமும் நடந்திருக்க முடியாது. உண்பதற்குத் தானியம், மாட்டுக்குத் தீனி, வீட்டுக்குக் கூரை, கூலியாளுக்கு மாரிக்காலத்தில் வேலை என நான்கும் அந்த ஒரு கொட்டகையிலிருந்தே பிறந்தன. பண்ணையின் உயிர் அங்கே இருந்தது. வீடு அதன் முகம் மட்டுமே. முகத்தை வரைந்து வைத்துக்கொண்டு உயிரை மறந்தவர் கதை இது.

களஞ்சியம் போன விதம்

ஆங்கில நாட்டுக் களஞ்சியங்கள் வேலையிழந்த வரலாறு தனியே படிக்கத்தக்கது. 1780-களில் ஆண்ட்ரூ மெய்க்கிள் என்னும் ஸ்காட்லாந்து எந்திரக் கைவினைஞர் கதிரடிக்கும் எந்திரத்தை உருவாக்கினார். ஒரு மாரிக்காலம் முழுவதும் பல கைகள் செய்த வேலையை அஃது சில நாட்களில் முடித்தது. பண்ணைக்காரருக்கு இலாபம், கூலியாளுக்கோ மாரிக்காலப் பட்டினி. 1830-இல் கென்ட் மாவட்டத்தில் தொடங்கித் தென் இங்கிலாந்து எங்கும் கூலியாட்கள் இவ்வெந்திரங்களை உடைத்தனர். 'காப்டன் ஸ்விங்' என்ற கற்பனைப் பெயரால் பண்ணைக்காரருக்கு மிரட்டற் கடிதங்கள் வந்தன. அரசாங்கம் 19 பேரைத் தூக்கிலிட்டது. ஏறத்தாழ 500 பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தியது. இன்று நாட்காட்டியில் அமைதியே உருவாய்த் தோன்றும் அதே கிராமப்புறம், கதிரடிக்கும் தளத்தைக் காக்க இரத்தம் சிந்தியது என்பதை அப்படங்கள் கூறா.

ஷாட்டரியிலோ வேறு விதமாக முடிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஹாத்வே வழியினர் பணமுடையால் சொத்தை விற்க நேர்ந்தது. வீடு பல குடிகளுக்கு வாடகைக்கு விடப்பட்டது. நிலமில்லாத வீட்டுக்குக் களஞ்சியம் எதற்கு? குடும்ப வழிவந்த மேரி பேக்கர் என்னும் மூதாட்டி வாடகைக் குடியாக அங்கேயே இருந்து, வருவோர்க்கு வீட்டைச் சுற்றிக் காட்டி வந்தார். 1892-இல் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை வீட்டை வாங்கிற்று. ஆடுமாடும் எருக்குவியலும் சேறும் நிறைந்திருந்த பண்ணை முற்றம் பூந்தோட்டமாயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எலன் வில்மட் என்னும் புகழ்பெற்ற தோட்டக்கலை வல்லாரும் அத்தோட்டத்தின் அமைப்பில் ஈடுபட்டார். பூக்கள் அழகியவையே, ஆனால் அவை இடைச்செருகல். மூலப் பிரதியில் அவ்விடத்தில் இருந்தது உழைப்பு.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. அறுத்துக்கொண்டே கதிரடிக்கும் பெரிய எந்திரங்கள் 20-ஆம் நூற்றாண்டில் வந்தபின் தாள் நசுங்கிப் போயிற்று. கோதுமையும் குட்டை வகையாக மாற்றப்பட்டது. ஆகவே வைக்கோற் கூரை வேய்வோர், நெட்டையான பழைய கோதுமை வகைகளைத் தனியே பயிரிடச் செய்து, பழங்காலக் கட்டும் எந்திரத்தால் அறுப்பித்துத் தாள் பெறவேண்டியதாயிற்று. களஞ்சியம் இலவசமாய்த் தந்ததை இன்று விலைகொடுத்து வாங்குகின்றனர். பழைய கூரையைக் காக்க விரும்பியவர்கள், பழைய உழவின் ஒரு மூலையையும் காக்க வேண்டியவரானார்கள். கூரையே தன் தாயை நினைவூட்டுகிறது. கேட்கும் செவிதான் வேண்டும்.

பத்திரங்கள் சொல்வது

படம் மறைத்ததைப் பத்திரங்கள் மறைக்கவில்லை. தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதும் நமக்குப் படங்களைவிடப் பத்திரங்களில் நம்பிக்கை அதிகம்.

1581-இல் ரிச்சர்டு ஹாத்வே இறக்குமுன் உயில் எழுதினார். மகள் ஆனுக்கு மணநாளிற் கொடுக்கவேண்டியது என்று அதில் அவர் குறித்த தொகை 6 பவுன் 13 ஷில்லிங் 4 பென்னி. கவிஞரின் வரலாறு எழுதுவோர் அனைவரும் இவ்வரியைக் குறிப்பர். அதே உயிலில் மற்றொரு கணக்கும் இருக்கிறது. தம் ஆட்டிடையர் தாமஸ் விட்டிங்டனுக்குத் தாம் நான்கு பவுனுக்கு மேல் கடன்பட்டிருப்பதாக ரிச்சர்டு ஒப்புக்கொண்டிருக்கிறார். மகளின் சீதனத்தில் பாதிக்கு மேற்பட்ட தொகை அது. அத்தொகை ஏறிய விதத்தை உயில் விவரிக்கவில்லை. ஆயினும் முதலாளி கடனாளி, வேலையாள் கடன் கொடுத்தவன் என்பது தெளிவு. பூந்தோட்டத்துப் படத்தில் இவ்விடையனைக் காணோம்.

இடையன் கதை அங்கே முடியவில்லை. 1601-இல் விட்டிங்டன் இறந்தபோது அவரும் உயில் எழுதினார். ஸ்ட்ராட்போர்டு ஏழைகளுக்கென 40 ஷில்லிங் விட்டுச்சென்றார். அப்பணம், வில்லியம் ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் கையில் இருப்பதாக அவ்வுயில் கூறுகிறது. நம்பிக் கொடுத்து வைத்த பணமோ, வராத பாக்கியோ என்று அறிஞர் இருவிதமாகவும் கூறுவர். எதுவாயினும் ஆகுக. வாழ்நாளெல்லாம் பிறர் ஆட்டை மேய்த்தவர், தம் பணத்தை ஏழைகளுக்கு எழுதிவைத்தார். அவ்வீட்டின் வரலாற்றில் இதைவிட உயர்ந்த செயல் ஒன்றை நாம் கண்டிலோம். ஆனால் பிரயாணிகள் தேடிச்செல்வதோ, காதலர் அமர்ந்ததாகச் சொல்லப்படும் பெஞ்சியை!

இனி ஆன் அம்மையார் மணமானபின் வாழ்ந்த வீட்டைப் பாருங்கள். 1597-இல் ஷேக்ஸ்பியர் ஸ்ட்ராட்போர்டில் 'நியூ பிளேஸ்' என்னும் பெரிய வீட்டை வாங்கினார். அக்கிரயப் பத்திரம் சொத்தை எப்படி விவரிக்கிறது? ஒரு வீடு, இரண்டு களஞ்சியங்கள், இரண்டு தோட்டங்கள். வீட்டுக்கு அடுத்த சொல்லே களஞ்சியம். மறுஆண்டு, 1598-இல், அந்நகரில் யார் யார் எவ்வளவு தானியம் வைத்திருக்கின்றனர் என்று அதிகாரிகள் கணக்கெடுத்தனர். அதற்கு முந்திய சில ஆண்டுகள் விளைச்சல் பொய்த்து, விலை ஏறி, எளியோர் பட்டினி கிடந்த காலம். அக்கணக்கில் ஷேக்ஸ்பியர் பெயருக்கு நேரே 10 குவார்ட்டர், அதாவது 80 புஷல், என்று எழுதப்பட்டுள்ளது. மது வடிக்க முளைகட்டி உலர்த்தும் தானியமே அந்நகரில் அன்று பெரும்பாலும் சேமிக்கப்பட்டது; அதனைப் பதப்படுத்தும் வேலையை இல்லத்தலைவியரே மேற்பார்த்தல் அக்கால வழக்கம்.

இதே கவிஞர்தாம் பின்னர் 'கொரியோலேனஸ்' நாடகத்தைப் பட்டினி கிடந்த நகரமக்களின் கிளர்ச்சியோடு தொடங்கினார். களஞ்சியங்கள் நிரம்பியிருக்க மக்கள் வாடுகின்றனர் என்பதே அம்மக்களின் குற்றச்சாட்டு. 1607-இல், வார்விக் உள்ளிட்ட மாவட்டங்களில், பொதுநிலங்களை வேலியிட்டு அடைத்துக்கொண்ட செல்வரை எதிர்த்து ஏழைகள் மெய்யாகவே கிளர்ந்தெழுந்தனர். களஞ்சியம் யார் கையில் என்ற கேள்வி அந்நாட்டு மக்களின் வாழ்வையும் சாவையும் தீர்மானித்தது. அவர் நாடகத்திலும் அது புகுந்தது. களஞ்சியத்தை மறந்தவன் ஷேக்ஸ்பியரையும் பாதியே படித்தவன் ஆவான்.

நியூ பிளேஸ் இன்று இல்லை. அதற்குப் பின்னர் உடையவரான பிரான்சிஸ் காஸ்ட்ரெல் என்னும் பாதிரியார் அதனை 1759-இல் இடித்துவிட்டார். உலகம் இன்றுவரை அவரை நிந்திக்கிறது. இரண்டு களஞ்சியங்களுக்காக அழுதவர் எவரையும் நாம் படித்ததில்லை.

காத்தவர்க்கு நன்றியும் ஒரு கேள்வியும்

இவ்வளவும் சொல்லியபின் அறக்கட்டளையாரை நாம் தூற்றுவதாக எவரும் கொள்ளற்க. அவர்கள் 1892-இல் வாங்கியிராவிட்டால் அவ்வீடும் பல பண்ணை வீடுகளைப்போல் மண்ணாகியிருக்கலாம். 1969-இல் தீப்பற்றிக் கூரை பெரிதும் சிதைந்தபோது, பொருட்செலவு பாராது பழையபடி எடுத்து நிறுத்தினர். அவர்களுக்கு உலகம் கடமைப்பட்டுள்ளது. நமது கேள்வி அவர்களை நோக்கியது மட்டுமன்று. அழகியதைக் காத்துப் பயன்பட்டதை மறக்கும் மனித இயல்பையே நோக்கியது.

அதே அறக்கட்டளையின் மற்றொரு சொத்து நம் வாதத்துக்குத் துணைநிற்கிறது. ஷேக்ஸ்பியரின் தாயார் மேரி ஆர்டன் பிறந்த வீடு என்று வில்ம்கோட் என்னும் ஊரில் ஒரு வீட்டை 1930-இல் வாங்கினர். 18-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த செவிவழிச் செய்தியே அதற்கு ஆதாரம். அடுத்திருந்த கிளீப் பண்ணையைப் பின்னர் 1968-இல் சேர்த்துக்கொண்டனர். 2000-ஆம் ஆண்டில் பழைய பத்திரங்களை ஆராய்ந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது: மேரி ஆர்டனின் உண்மையான வீடு அழகியது என்று போற்றப்பட்டதன்று, பக்கத்திலிருந்த எளிய கிளீப் பண்ணையே! அதன் மரங்கள் 1514-ஐ ஒட்டி வெட்டப்பட்டவை. அழகிய வீட்டைத் தேர்ந்த கண் ஏமாந்தது, பத்திரம் ஏமாறவில்லை.

அவ்விடத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. அங்கே நெடுங்காலம் உழவு நின்றுவிடாமல் நடந்ததால் களஞ்சியங்களும் கொட்டகைகளும் பிழைத்தன. 600-க்கு மேற்பட்ட பொந்துகள் கொண்ட புறாக்கூண்டு வீடு ஒன்றும் நிற்கிறது. புறா அக்காலத்தில் பண்ணைக்காரரின் உணவு. இவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது அவ்வீடுகள் பண்ணை வீடுகளாகவே விளங்குகின்றன. காதற் குடிசையாக எவரும் மயங்குவதில்லை. துணைக் கட்டடங்கள் உள்ள வீடு தன் பொருளைத் தானே சொல்லும். அவற்றை இழந்த வீட்டுக்குப் பார்ப்போரே பொருள் கற்பிக்கின்றனர். ஷாட்டரிக்கும் வில்ம்கோட்டுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. களஞ்சியத்தின் அருமையும் இதனால் விளங்கும்.

நமக்கு இதிலே என்ன?

கடல் கடந்த நாட்டுக் களஞ்சியத்தைப் பற்றித் தோட்டத்துத் தமிழருக்கு ஏன் இவ்வளவு எழுதவேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. விடை அருகிலேயே இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், விற்கப்பட்டபோதும், வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோதும் எவை முதலில் இடிபட்டன என்பதை நம்மவர் கண்ணாரக் கண்டுள்ளனர். லயங்கள் இடிபட்டன. ஆயாக் கொட்டகை இடிபட்டது. விடியற்காலையில் பெயர் கூப்பிட்ட பெரட்டுக் களம் புல் மூடிப் போயிற்று. துரை பங்களாவோ சில இடங்களில் இன்னும் நிற்கிறது. அதன் வராந்தாவும் பூந்தொட்டியும் படமாகின்றன. நூறு ஆண்டு கழித்து அப்படத்தை மட்டும் காண்பவன், ரப்பர் மரங்கள் தாமே பால் சொரிந்தன என்று எண்ணினாலும் எண்ணுவான்.

ஆகவே வாசகர்கட்கு நாம் கூறுவன இரண்டு. முதலாவது, அழகிய பழங்கட்டடம் எதைக் கண்டாலும் மகிழுங்கள்; மகிழ்ந்தபின் அதன் களஞ்சியம் எங்கே, அங்கே உழைத்தவர் யார், அவர் கூலி தீர்ந்ததா என்று கேளுங்கள். இரண்டாவது, கட்டடத்தைக் காக்கும் வலிமை நம்மிடம் இல்லாவிடினும் பத்திரத்தைக் காக்கும் வலிமை உண்டு. பெரியோர் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டு, செக்ரோல் பிரதி, லயத்தின் முன் எடுத்த மங்கிய புகைப்படம் ஆகியவற்றை எரிக்காதீர்கள். லயம் எத்தனை கதவு, கிணறு எந்தப் பக்கம், ரப்பர் ஸ்டோர் எங்கே இருந்தது என்பதை முதியோரிடம் கேட்டு ஒரு தாளில் வரைந்து வையுங்கள். ஷாட்டரியின் இடையனை நாம் இன்று அறிவது எந்தக் கட்டடத்தாலும் அன்று. ஓர் உயிலில் எவரோ மறவாமல் எழுதிய ஒரு வரியால். நம்மவர்க்கும் அத்தகைய ஒரு வரியேனும் எஞ்ச வேண்டும். அதனை எழுதவேண்டியவர் நாமே.